கத்தியைக் கீழே வைத்த டாக்டர் சண்முகப்பிரியா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மருத்துவமனை அறக்கட்டளையின் தலைவர், பெரியவர் ரத்தினசாமி அவர்களே, மகளைப் பறிகொடுத்த துயரத்தைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருதம்மாள் அம்மா அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் முருகவேல் அவர்களே, கோயம்புத்தூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு கம்பெனியிலிருந்து நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, டாக்டரம்மாவிடம் கண்ணைக் காட்டிப் பார்வை பெற்ற பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் கலங்கிய நெஞ்சோடு என் வணக்கம்.

என் பெயர் விஜயராணி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவள். கண் மருத்துவம் படித்துவிட்டு, நம் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் டாக்டர் சண்முகப்பிரியா அவர்களுக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். பதினான்கு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தேன். இன்று அவரைப் பற்றிப் பேசும் கடமை எனக்கு வந்திருக்கிறது. வராமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் கேட்கிறது.

மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பத்தின் பெண் அவர். அந்தக் குடும்பத்தில் முதல் மருத்துவர். விழித்திரை அறுவை சிகிச்சைக்கு இங்கிருந்து கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் மக்கள் அலைந்துகொண்டிருந்த காலத்தில், சொந்த ஊருக்கே திரும்பி வந்து கத்தியை எடுத்தவர். சின்னக் குழந்தையிடம்கூட "கண்ணத் தொறங்க சாமி" என்று மரியாதை கொடுத்துப் பேசியவர். அவர் கையால் பார்வை மீண்டவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால், உட்கார்ந்திருப்பவர்களைவிட எழுந்து நிற்பவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள்!

அப்படிப்பட்டவர் ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் திடீரென்று அறுவை சிகிச்சை செய்வதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார்? இந்த ஊர் அதற்கு எத்தனையோ காரணம் சொன்னது. கை நடுங்குகிறது என்றார்கள். யாரோ ஒரு நோயாளியின் கண் போய்விட்டது, அதை மூடி மறைக்கிறார்கள் என்றார்கள். நிர்வாகத்தோடு சண்டை என்றார்கள். டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நோயாளிகளிடம் உண்மையைச் சொன்னார். ஊர் வாய்க்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. இன்று அவருடைய தாயாரின் அனுமதியோடும், ரத்தினசாமி ஐயாவின் அனுமதியோடும் நடந்ததை நான் சொல்லப்போகிறேன். சொல்லாவிட்டால் அவருக்குச் செய்யும் அஞ்சலி அரைகுறை அஞ்சலியாகிவிடும்.

கண்ணுக்குள்ளே, பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரைக்கு விழித்திரை என்று பெயர். அதன் நட்டநடுவில் மிளகளவு ஓர் இடம் இருக்கிறது. மாகுலா என்று மருத்துவத்தில் சொல்வார்கள். ஊசியில் நூல் கோப்பதும், பஸ்ஸின் போர்டைப் படிப்பதும், எதிரே வருகிறவர் முகத்தை இன்னார் என்று அறிவதும் அந்த மிளகளவு இடத்தால்தான். அது தேய்ந்துபோகும் நோய்கள் உண்டு. நோயாளிக்குப் பார்வை மங்கினதாகத் தெரியும் முன்பே அந்தத் தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும் கேமராக்களும் உண்டு. அப்படி ஒரு கேமரா பத்து ஆண்டுகளுக்கு முன் நம் மருத்துவமனைக்கு வந்தது. கண்ணுக்குள் நீல ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்கும். உயிரோடு இருக்கும் இடம் சாம்பல் நிறத்தில் ஒளிரும். செத்துப்போன இடம் கறுப்பாகத் தெரியும்.

கேமராவைப் பொருத்த சென்னையிலிருந்து வந்த என்ஜினீயர், சோதித்துப் பார்க்க யாராவது ஒருவர் உட்கார முடியுமா என்று கேட்டார். டாக்டர் சண்முகப்பிரியா சிரித்துக்கொண்டே போய்த் தாடையை வைத்து உட்கார்ந்தார். அவர் வாங்கச் சொல்லிப் போராடிய கேமரா அல்லவா அது!

படம் திரையில் வந்தது. மையத்தைச் சுற்றிலும் கறுப்புத் திட்டுகள்.

என்ஜினீயர் பதறிப்போய், எங்கோ அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கிறது, வேறு ஒருவர் உட்காருங்கள் என்றார். நான் உட்கார்ந்தேன். என் படத்தில் ஒரு கறுப்பும் இல்லை. இரண்டு படங்களையும் டாக்டர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த என்ஜினீயருக்கு ஆறுதல் சொல்வதுபோல, "மெஷின் சரியாத்தானுங்க இருக்குது. என் கண்ணுதான் சரியில்லை" என்றார்.

நினைத்துப் பாருங்கள்! ஆயிரக்கணக்கான விழித்திரைகளைப் பார்த்த ஒருவர், தன் விழித்திரையை முதன்முதலாகப் பார்க்கிறார். அதில் இருப்பது மெல்ல மெல்லக் கறுப்பு பரவும் பரம்பரை நோய் என்பதை யாரும் விளக்காமலே அறிகிறார். அதற்கு மருந்து இல்லை என்பதையும் அறிகிறார். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கண் சோதனைப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படிப்பார். ஏனென்றால் நோய் இன்னும் மையத்தைத் தொடவில்லை. சுற்றிலும்தான் இருந்தது.

முருகவேல் அவர்களையும் அதே வாரம் வரவழைத்துக் கேமராவின் முன் உட்கார வைத்தார். தம்பியின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்தபோது அவர் விட்ட பெருமூச்சை நான் கேட்டேன். தனக்கு வந்ததற்காக அப்படி ஒரு மூச்சு அவரிடமிருந்து வரவில்லை.

கேமராவைச் சோதித்த அன்று மாலைக்குள் ரத்தினசாமி ஐயாவின் அறைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தன் இரண்டு கண்களின் படங்களையும் மேசைமேல் வைத்து, நோயின் பெயரைச் சொன்னார். இப்போது அறுவை சிகிச்சைக்கு இது இடைஞ்சல் இல்லை, ஒரு நாள் இடைஞ்சலாகும், அந்த நாள் எது என்பதுதான் கேள்வி என்றார். ஐயா பெரிய மனது பண்ணி, அதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் டாக்டர், உங்களுக்குத் தெரியாததா என்றார்.

அதற்கு அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "என் கண்ணப் பத்தி நானே முடிவு பண்ணக்கூடாதுங்க. எனக்கு ஆசை இருக்குமுங்க. விஜயராணி படத்தப் பாக்கட்டும். அவங்க நிறுத்தச் சொல்ற அன்னைக்கு நான் நிறுத்திக்கறேன்."

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், எனக்கு மேலதிகாரி, அவரை நான் எப்படி நிறுத்தச் சொல்வேன்? வாய்விட்டே கேட்டேன். "எனக்காகச் சொல்ல வேண்டாமுங்க. டேபிள்ல படுத்திருக்கறவங்களுக்காகச் சொல்லுங்க" என்றார்.

அங்கேயே, அந்த மேசையிலேயே கோடு போட்டார். கறுப்பின் விளிம்பு இரண்டு கண்ணில் எதிலாவது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால், அன்றோடு கத்தி கீழே. பலகையில் எத்தனை வரி படித்தாலும் சரி. ஒரு கண்ணில் மட்டும் வந்தாலும் சரி. மைக்ராஸ்கோப் வழியாக ஆழம் பார்த்துச் செய்யும் வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.

அதோடு நின்றாரா? இல்லை. அன்று முதல் ஒவ்வொரு நோயாளியிடமும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் தானே போய்ச் சொன்னார். என் கண்ணில் ஒரு நோய் இருக்கிறது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்கிறார்கள், இன்றுவரை உங்களுக்குச் செய்யும் வேலையை அது தொடவில்லை, ஆனாலும் வேறு டாக்டரிடம் போக விரும்பினால் நானே ஏற்பாடு செய்கிறேன் என்பார். ஒருவர் மறுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனார். அவருக்கு வண்டி பேசிக்கொடுத்ததும் டாக்டரம்மாதான். மறுநாள் போன் போட்டுக் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்ததும் அவர்தான்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னியப்பன் அண்ணன் இங்கே வந்திருக்கிறார். சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கட்டி வந்தவர். டாக்டர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கொடுத்த பதிலை எங்கள் மருத்துவமனையில் இன்றும் சொல்வோம். "உங்க கண்ணுல நோய் இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. சொல்லாத டாக்டர் கண்ணுல என்ன இருக்குதோ, எனக்கெப்படிங்க தெரியும்? நீங்களே பண்ணுங்க."

நான்கு மாதத்துக்கு ஒருமுறை! அந்த நாள் நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது. காலையில் முதல் ஆளாக வந்து கேமராவின் முன் உட்காருவார். படத்தைத் தான் பார்க்க மாட்டார். நேராக நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். நான் அறைக்குள் போய்ப் பழைய படத்தின்மேல் புதிய படத்தை வைத்து, ரத்தக்குழாய் ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று சரிபார்த்து, அதன்பிறகு கறுப்பின் விளிம்பை அளப்பேன். ஒரே படத்தை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அது நிற்கிறதா, நடக்கிறதா, ஓடுகிறதா என்று சொல்ல இரண்டாவது படம் வேண்டும். அவர் கண்ணில் அது நடந்தது. தனித்தனியாக இருந்த திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. சேர்ந்தவை உள்ளே திரும்பின. நடுவில் ஒரு சின்னத் தீவு மட்டும் உயிரோடு இருந்தது.

அளந்து முடித்து நான் வெளியே வரும்போது அவர் என் முகத்தை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். நான் தலையசைப்பேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில் அவருக்குப் படம் எடுத்தாயிற்று. கூட்டம் அதிகமாக இருந்ததால் என்னால் உடனே பார்க்க முடியவில்லை. பத்து மணிவாக்கில் சின்னத்தாய் வந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிறவர். எழுந்ததிலிருந்து வலது கண்ணில் மூக்கோரம் கீழேயிருந்து கறுப்புத் துணி ஏறுவதுபோல் இருக்கிறது என்றார். பரிசோதித்தால், விழித்திரை மேல்பக்கம் கிழிந்து, சுவரிலிருந்து உரிந்துகொண்டு வருகிறது. நல்லவேளையாக மையம் இன்னும் ஒட்டியிருக்கிறது. மையம் உரிந்துவிட்டால் பிறகு ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை வராது. அன்றைக்கே செய்தாக வேண்டும். டாக்டர் எப்போதும் சொல்வதைச் சின்னத்தாயிடமும் சொல்லி, அவர் சம்மதம் வாங்கிக்கொண்டு, தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

அந்த இடைவெளியில்தான் நான் படத்தைத் திறந்தேன்.

இடது கண்ணில் கறுப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

மறுபடி அளந்தேன். ரத்தக்குழாய்களை மறுபடி பொருத்தினேன். விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனையும் எடுத்துப் பார்த்தேன். தீவின் கரையில் ஒளியை உணரும் அடுக்கு மெலிந்து அறுந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. எழுந்து ஓடினேன்.

வராந்தாவில் ரத்தினசாமி ஐயா எதிர்ப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "இந்த ஒரு கேஸ் முடியட்டுமேம்மா. பாவம், அந்தப் பொண்ணு காத்துட்டிருக்குது. நாளையிலிருந்து நிறுத்திக்கலாம்" என்றார். அவர் சொன்னது கருணையால். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. அப்போது நம் மருத்துவமனையில் அந்த ஆபரேஷனைச் செய்யத் தெரிந்தவர் டாக்டர் சண்முகப்பிரியா ஒருவர்தான். கோயம்புத்தூருக்கு அனுப்பினால் போகும் வழியில் மையம் உரிந்துவிடலாம். அனுப்பாவிட்டால்? டாக்டரின் அந்த இடது கண் செய்யக்கூடாத தவற்றைச் செய்துவிட்டால்? எது சரி? எதைச் செய்தால் ஒரு பெண்ணின் கண் பிழைக்கும்? தியேட்டர் கதவில் கை வைத்தபடி நான் நின்றேன். உள்ளே உபகரணங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினேன். சின்னத்தாய் டேபிளில் படுத்திருந்தார். மரத்துப்போகும் ஊசி இன்னும் போடவில்லை. டாக்டர் கையுறை அணிந்து, கைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைத் தியேட்டருக்குள் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"படம் பாத்துட்டேன் மேடம்" என்றேன்.

"எந்தக் கண்ணுங்க?"

"இடது."

"தாண்டிருச்சுங்களா?"

"தாண்டிட்டு மேடம்."

உயர்த்திப் பிடித்த கைகளை இறக்கினார். பிறகு, "காலைல கடைசி வரி வரைக்கும் படிச்சேனுங்க" என்றார். தனக்காக அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

"படிச்சீங்க மேடம். ஆனா கோடு நீங்க போட்டது" என்றேன்.

அவர் முதலில் வலது கையுறையைக் கழற்றினார். பிறகு இடதைக் கழற்றினார். இருபது ஆண்டுகள் தன் கையோடு கையாக இருந்த ஒன்றை அந்த நிமிடத்தில் விட்டுவிட்டு, டேபிளின் பக்கம் குனிந்தார். "சின்னத்தாய், நான் இன்னைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ணக்கூடாதுங்க. என் கண்ணு கெட்டுப்போச்சு. உங்க கண்ணு கெடக்கூடாது. கோயம்புத்தூருக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"எனக்குப் பயமா இருக்கு டாக்டரம்மா" என்றார் சின்னத்தாய்.

"எனக்குந்தானுங்க. வாங்க, போலாம்."

ஆம்புலன்சில் வலது கன்னம் தலையணையில் பதியும்படி சின்னத்தாயைப் படுக்க வைத்தார். தலை அசையக் கூடாது. டாக்டர் வண்டியின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தத் தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு விழித்திரை மருத்துவர் தியேட்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பதாகப் போனில் சொல்லிவிட்டார். ஆனால் போய்ச் சேர வேண்டுமே! அவிநாசி தாண்டியதும் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டிகள் தேங்கிவிட்டன. டிரைவர் ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் டாக்டர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லி, "என் முகம் தெரியுதுங்களா?" என்பார். முகம் தெரிகிற வரைக்கும் மையம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தெரியுது என்று பதில் வரும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பார். ஒருமுறை பதில் வரத் தாமதமானது. நான் திரும்பிப் பார்த்தேன். சின்னத்தாய், "வாய்ப்பக்கம் மறைக்குது, கண்ணு தெரியுது" என்றார். டாக்டர் எதையும் காட்டிக்கொள்ளாமல், அவர் தலையை ஒரு விரல்கடை மட்டும் இன்னும் சாய்த்து வைத்தார்.

போய்ச் சேர்ந்தோம். மையம் ஒட்டியிருந்தது. அந்த மருத்துவர் நல்லபடியாக ஆபரேஷனை முடித்தார். சின்னத்தாய் இன்றும் அதே ஓவர்லாக் மெஷினில் தைக்கிறார். இதோ, மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரம்மாவின் முகத்தை அன்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்த கண் அது.

திரும்பி வரும்போது பல்லடம் ரோட்டைப் பிடித்துச் சூலூரைத் தாண்டினோம். அப்போது டாக்டர் சொன்னார். "நான் பண்ணியிருந்தா நல்லாவே முடிஞ்சிருக்கலாமுங்க. முடியாமயும் போயிருக்கலாம். எதுன்னு தெரியாம ஒருத்தர் கண்ணுல கத்தி வைக்கக்கூடாதுங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பொங்கல் வருவதற்குள் அவருடைய இடது கண்ணில் நடுத்தீவு உடைந்தது. அந்தக் கண்ணால் அச்செழுத்தைப் படிக்க முடியாமல் போனது. எழுத்துப் பலகை சொல்லாததைப் படம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்தப் படத்தைத் தன் ஆசைக்கு மேலே வைக்கத் தெரிந்தவராக ஒரு மருத்துவர் இருந்தார். பெருமக்களே, இதில் மறைக்க என்ன இருக்கிறது? கை நடுங்கியதா? இல்லை! யாருடைய கண்ணாவது போனதா? இல்லை! யாருடைய கண்ணும் போய்விடக் கூடாது என்றுதான் கத்தியைக் கீழே வைத்தார்!

அந்த வியாழக்கிழமைக்குப் பின் ஒரு மாதம் அவர் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. மங்கலத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார் என்று மருதம்மாள் அம்மா சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாராம்; பேசமாட்டாராம். இனி வரமாட்டார் என்றே நான் நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை வந்தார். நேராக ரத்தினசாமி ஐயாவிடம் போய், "எனக்குப் படம் பாக்கற வேலை குடுங்க. பெரிய திரை ஒன்னு வாங்கிப் போட்டீங்கன்னா வலது கண்ணால பாத்துக்குவேன்" என்று கேட்டார்.

அப்படித்தான் நம் மருத்துவமனையில் படம் பார்க்கும் பிரிவு தொடங்கியது. வேன் ஒன்றில் கேமராவை ஏற்றிக்கொண்டு பனியன் கம்பெனிகளின் வாசலுக்கும், மங்கலத்துத் தறிக்குடோன்களுக்கும், அவிநாசிபாளையத்துக்கும் போனார். மையப்பார்வையைத் தின்னும் நோய் உள்ளவர்களை ஊர் ஊராகத் தேடிப் படம் எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? இரண்டாவது படத்துக்கு வராதவர்களின் வீட்டுக்கே போய் நின்றார்.

அழகுமலை என்று ஒரு பெரியவர். சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்து, அவிநாசிபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். வயதாவதால் வரும் மாகுலா நோயில் ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றக் கண்ணில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் வேனில் எடுத்த ஸ்கேனில், விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. முந்தைய படத்தில் அது இல்லை. உடனே கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். தாமதித்தால் இந்தக் கண்ணும் போய்விடும். அவர் பிடிவாதமாக மறுத்தார்.

"தெளிவாத் தெரியுத கண்ணுல எதுக்கு ஊசியக் குத்தணுங்கிய? குத்திப் போச்சுன்னா நீங்களா வந்து எனக்குக் கைபிடிப்பிய?" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. திரையில் தன் கண்ணின் படங்களை எடுத்து வைத்தார். முதல் ஆண்டு, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு. கறுப்பு வளர்வதை வரிசையாகக் காட்டினார். "இது என் கண்ணுங்க. இந்தப் படம் எடுத்தன்னைக்கு எனக்கும் தெளிவாத்தான் தெரிஞ்சுது. எனக்கு வந்ததுக்கு ஊசி இல்லீங்க, மருந்து இல்லீங்க. உங்களுக்கு வந்ததுக்கு இருக்குது. எனக்கு இருந்திருந்தா நான் ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேனுங்க."

அழகுமலை ஐயா அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கே வர வேண்டும் என்று கேட்டார். அன்றே ஊசி போட்டோம். அடுத்த ஸ்கேனில் நீர் வற்றியிருந்தது. இன்றுவரை தினசரிப் பேப்பரைத் தானே படிக்கிறார். டாக்டரம்மாவின் மரணச் செய்தியையும் தானே படித்ததாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் என்ன ஆறுதல் சொல்வேன்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கலத்து வீட்டில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது. முருகவேல் போனில் சொல்லும்போது எனக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும், நான் அழுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தன் கண்களைத் தானம் செய்வதாக அவர் எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நான் வந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கூடியிருந்தவர்களில் யாரோ, நோய் பிடித்த கண் யாருக்கு ஆகும் என்றார்கள். நியாயமான கேள்விதான். நோய் கண்ணின் பின்பக்கத்தில், விழித்திரையில் இருந்தது. முன்பக்கத்துக் கருவிழி கண்ணாடியாக, குறையில்லாமல் இருந்தது. அது இரண்டு பேருக்குப் பார்வை கொடுக்கும். பின்பக்கத்து விழித்திரையும் வீண் இல்லை. பத்து ஆண்டுகள் விடாமல் படம் எடுத்த விழித்திரை அது. படத்தில் கறுப்பாகத் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பொருத்திப் பார்க்க, அதைவிட நல்ல கண் ஆராய்ச்சியாளர்களுக்கு எங்கே கிடைக்கும்? இதையெல்லாம் சொன்னேன்.

முருகவேலுக்கு மனம் வரவில்லை. அந்தக் கண்கள் ஏற்கெனவே ரொம்பப் பாடுபட்டுவிட்டன, விட்டுவிடலாமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எனக்கும் கை ஓடவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் கருவிழியும் யாருக்கும் உதவாது. எல்லோரும் மருதம்மாள் அம்மாவைப் பார்த்தோம். எண்பது வயதைத் தாண்டிய தாய் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மகளின் நெற்றியிலிருந்து ஈர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ சொல்லிப்போட்டுத்தான போயிருக்கறா. எடுத்துக்க கண்ணு. மெதுவா எடு."

மெதுவாகத்தான் எடுத்தேன் அம்மா. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் செய்ததில்லை.

அந்தக் கருவிழிகள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டுவிட்டன. யார் என்று எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளக் கூடாது. விழித்திரைகள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

பெருமக்களே! இந்த மேடையில் நின்று அவர் புகழைப் பாடிவிட்டுக் கலைந்துவிட்டால் போதுமா? போதாது. வேன் நிற்காது. இரண்டாவது படத்துக்கு வராதவர் வீட்டு வாசலில் இனி நான் வந்து நிற்பேன். விரட்டினாலும் நிற்பேன். இன்னொன்றும் உண்டு. நம் மருத்துவமனையில் கத்தி பிடிக்கும் ஒவ்வொருவரின் கண்ணையும் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுப்பது, அந்தப் படத்தை அவரல்லாத இன்னொருவர் பார்ப்பது, அவர் சொல்லைக் கேட்பது. இதை மருத்துவமனையின் விதியாக்க இன்று காலையில் ரத்தினசாமி ஐயா ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

டாக்டர் சண்முகப்பிரியா விட்ட இடத்தில் இன்று அறுவை சிகிச்சை செய்பவர் டாக்டர் சுரேந்தர். அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். இந்த விதியைக் கேள்விப்பட்டதும் யாரும் கூப்பிடாமலே போய்க் கேமராவின் முன் உட்கார்ந்தவர். முடிவை இந்தச் சபையிலேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாளைக் காலையில் அவருக்காக ஒரு நோயாளி காத்திருக்கிறார்.

சுரேந்தர், உங்கள் படத்தை நான் பார்த்துவிட்டேன். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. நாளைக்கு நீங்கள் ஆபரேஷன் செய்யலாம்.